வீடு கட்டியவர், பில் கட்டுபவர்

ஜே.பி. மார்கனுக்கு ஒரு சந்தேகம். இந்த எடிசன் நம்மிடம் கூடுதலாகக் காசு பிடுங்குகிறாரோ?

சந்தேகப்பட்டவர் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. அமெரிக்காவின் பாங்கு உலகத்தையே தன் சட்டைப் பையில் வைத்திருந்தவர். எடிசனின் கம்பெனிக்குப் பணம் போட்டவர்களில் ஒருவர். 1882 செப்டம்பர் 4-ம் தேதி நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் தன் மின் நிலையத்தை ஓடவிட்டபோது, முதல் நாளே விளக்கு எரிந்த இடங்களில் வால் ஸ்ட்ரீட்டிலிருந்த மார்கனின் அலுவலகமும் ஒன்று. அவ்வளவு நெருக்கம். இருந்தாலும் பில் என்று வந்துவிட்டால் பில்தானே?

மார்கனின் சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. அந்தக் காலத்து மீட்டர் இன்றைக்கு நம் வீட்டு வாசலில் இருப்பது மாதிரி எண்களைக் காட்டாது. ஒரு ஜாடி. அதற்குள் துத்தநாக சல்ஃபேட் கரைசல். கரைசலுக்குள் இரண்டு துத்தநாகத் தகடுகள். கரண்ட் பாயப் பாய ஒரு தகடு கரையும், இன்னொரு தகட்டில் அது போய்ப் படியும். மாதம் ஒருமுறை கம்பெனி ஆள் வந்து தகடுகளைக் கழற்றிக்கொண்டு போவார். தராசில் வைத்து எடை பார்ப்பார்கள். எத்தனை மில்லிகிராம் இடம் மாறியிருக்கிறதோ, அதை வைத்து பில். வாடிக்கையாளர் எட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள அதில் ஒன்றுமே இல்லை. குளிர்காலத்தில் கரைசல் உறைந்துவிடக் கூடாது என்பதற்காக மீட்டர் பெட்டிக்குள்ளேயே ஒரு விளக்கு வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, சோதித்துவிடலாம் என்று முடிவானது. மார்கன் அலுவலகத்தில் ஒவ்வொரு விளக்குக் கொத்திலும் ஓர் அட்டை தொங்கவிட்டார்கள். அதில் எத்தனை விளக்கு, எத்தனை மணிக்குப் போட்டோம், எத்தனை மணிக்கு அணைத்தோம் என்று எழுதிக்கொண்டே வரவேண்டும். மாதக் கடைசியில் ஒரு குமாஸ்தா எல்லாவற்றையும் கூட்டினார். எடிசன் கம்பெனியின் பில் அதைவிட அதிகமாக இருந்தது. மார்கனுக்கு ஏக குஷி. மாட்டினாயா?

எடிசன் அசரவில்லை. இன்னொரு மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதமும் அதே கதை. இப்போது அவருக்கே லேசாக வயிற்றைக் கலக்கியது. நேரே அலுவலகத்துக்கு வந்தார். சுற்றிப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார். ‘இந்த இடத்தை எப்போது கூட்டிப் பெருக்குகிறீர்கள்?’

ராத்திரியில். பெருக்குகிறவரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். நடுவில் இருந்த, பத்து விளக்குகள் கொண்ட கொத்தைப் போட்டுக்கொண்டுதான் அவர் வேலை பார்ப்பாராம். ஆனால், அட்டையில் எழுதவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. மூன்றாவது மாதம் அவரும் எழுதினார். இரண்டு கணக்குக்கும் இடையே சில சென்ட்டுகள்தான் வித்தியாசம். மார்கன் வாயை மூடிக்கொண்டார்.

கரண்ட் பில்லை முன்கூட்டியே கணக்குப் போட மனிதன் எடுத்த முதல் முயற்சிகளில் இது ஒன்று. கணக்கு சரி. கூட்டல் சரி. ஆனால் ஓர் ஆளை மறந்துவிட்டார்கள். இந்த மறதி அடுத்த நூறு வருடம், ஆபீஸிலிருந்து வீட்டுக்கு, ஒரு தேசம் முழுவதற்கும் பரவியது. அந்தக் கதைதான் இது. வீடு வாங்கப் போகிற ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் வேண்டிய கதை.

*

எடிசனிடம் செயலாளராக இருந்த சாமுவேல் இன்சல் என்கிற லண்டன்காரர், 1892-ல் சிகாகோவுக்குப் போய் அங்கே ஒரு சின்ன மின்சாரக் கம்பெனியின் தலைவரானார். அவருக்கு ஒரு தலைவலி. மின்சாரத்தைத் தயாரித்துக் குடோனில் அடுக்கி வைக்க முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் விளக்கைப் போடுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகப் பெரிய எந்திரம் வாங்கி வைக்கவேண்டும். மீதி நேரம் அது சும்மா கிடக்கும். கடனுக்கு வட்டி மட்டும் சும்மா கிடக்காது.

1894-ல் இங்கிலாந்துக்குப் போனபோது, பிரைட்டன் என்கிற கடலோர ஊரில் சின்னச் சின்னக் கடைகளில்கூட விளக்கு பளிச்சென்று எரிவதைப் பார்த்தார். எப்படிக் கட்டுப்படியாகிறது? விசாரித்தார். அந்த ஊர் மின் நிலையத்தின் மேனேஜர் ஆர்தர் ரைட் ஒரு புது மீட்டர் செய்திருந்தார். எவ்வளவு கரண்ட் செலவானது என்பதோடு, உச்சகட்டமாக ஒரே நேரத்தில் எவ்வளவு இழுத்தீர்கள் என்பதையும் அது காட்டும். எந்திரத்துக்கான செலவை முதல் சில யூனிட்களில் வசூலித்துவிடு. அதற்குமேல் எரிக்கிற யூனிட்டெல்லாம் மலிவு. இதுதான் சூத்திரம்.

இன்சல் அதை சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்கா முழுக்கப் பரவியது. அதிகம் எரிக்க எரிக்க யூனிட் விலை குறையும். நமக்குப் பழக்கமான முறைக்கு நேர் எதிர். இங்கே யூனிட் ஏற ஏற விலையும் ஏறும். அங்கே அன்றைக்கு, ஒரு டஜன் வாங்கினால் விலை குறைப்பு என்கிற மளிகைக்கடை தர்மம்.

இன்சலின் சாம்ராஜ்யம் 1932-ல் சரிந்தது தனிக் கதை. ஆனால் அவர் போட்ட பாதை சரியவில்லை. எந்திரங்கள் பெரிதாகிக்கொண்டே போயின. பத்து வருடத்துக்கு பத்து வருடம் யூனிட் விலை இறங்கிக்கொண்டே போனது. 1954-ல் அமெரிக்க அணுசக்திக் கமிஷனின் தலைவர் லூயிஸ் ஸ்ட்ராஸ், நம் பிள்ளைகள் காலத்தில் மின்சாரம் மீட்டர் வைக்கத் தேவையில்லாத அளவுக்கு மலிவாகிவிடும் என்று ஒரு கூட்டத்தில் பேசினார். கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. நம்பத் தகுந்த விஷயமாகத்தான் அன்றைக்கு அது தெரிந்தது.

இப்படி ஒரு காலத்தில் வீடு வாங்குகிற எவனாவது, ‘சார், இந்த வீட்டுக்கு மாசம் கரண்ட் பில் எவ்வளவு வரும்?’ என்று கேட்பானா? கேட்கவில்லை. பெருக்குகிறவரை மறந்த மாதிரி, பில்லையும் மறந்தார்கள்.

*

1956. ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் என்கிற இரண்டு பெரிய கம்பெனிகளும், நாடு முழுவதும் உள்ள சுமார் 300 மின்சாரக் கம்பெனிகளும் கைகோத்துக்கொண்டு ஒரு பிரசாரத்தைத் தொடங்கின. மின்சாரத்தோடு வாழுங்கள், சிறப்பாக வாழுங்கள் என்பது மாதிரி ஒரு கோஷம். அடுத்த வருடம் அதற்கு ஒரு பட்டம், பதக்கம் எல்லாம் வந்தது. ‘மெடாலியன் ஹோம்.’

அடுப்பு, தண்ணீர் சூடாக்கி, துணி துவைக்கும் எந்திரம் எல்லாம் மின்சாரத்தில் ஓடவேண்டும். தடிமனான ஒயரிங் இருக்கவேண்டும். சுவரெங்கும் பிளக் பாயின்ட்டுகள் வேண்டும். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதுகூட மின்சாரத்தில்தான் என்றால் அது தங்கப் பதக்க வீடு. வாசலில், காலிங்பெல் பக்கத்தில், பித்தளையில் ஒரு வட்ட வில்லை பதிப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சலாக இருக்கவேண்டும். 1970-க்குள் இப்படிப் பத்து லட்சம் வீடுகள் என்பது இலக்கு.

டெலிவிஷனில் ஜெனரல் எலெக்ட்ரிக் வழங்கிய நாடக நிகழ்ச்சியைத் தொகுத்து அளித்தவர் ஒரு ஹாலிவுட் நடிகர். பெயர் ரொனால்ட் ரீகன். ஆமாம், பிற்பாடு ஜனாதிபதியானாரே, அவரேதான். கலிஃபோர்னியாவில் அவர் கட்டிய வீட்டில் கம்பெனியே சகல மின்சார சாமான்களையும் பொருத்திக்கொடுத்து, அதையே டெலிவிஷனில் விளம்பரமாகக் காட்டியது. 

இதில் வீடு கட்டி விற்கிற கான்ட்ராக்டர்களுக்கு என்ன லாபம்? நிறைய. எண்ணெயிலோ காஸிலோ வீட்டைச் சூடாக்கவேண்டுமானால் உலை வேண்டும், புகைபோக்கி வேண்டும், அறைக்கு அறை சூட்டைக் கொண்டுபோகக் குழாய் வேண்டும். மின்சாரம் என்றால் சுவரோரமாக ஒரு நீளமான ஹீட்டர் பட்டையைப் பொருத்தி ஒயரை இழுத்துவிட்டால் தீர்ந்தது. கட்டுமானச் செலவு மிச்சம். இதுபோதாதென்று, மின்சாரக் கம்பெனிகள் கான்ட்ராக்டர்களுக்கு ஊக்கத் தொகை வேறு கொடுத்தன.

இங்கேதான் கவனிக்கவேண்டும். ஹீட்டர் பட்டையில் ஒரு யூனிட் கரண்ட் கொடுத்தால் ஒரு யூனிட் சூடு கிடைக்கும். ஒரு துளி வீணாகாது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த ஒரு யூனிட் கரண்ட்டைத் தயாரிக்க அனல்மின் நிலையத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் சூட்டுக்கு நிலக்கரியோ எண்ணெயோ எரித்தாகவேண்டும். எரிபொருள் மலிவாக இருக்கிற வரைக்கும் இது யார் கண்ணிலும் படாது.

சுவருக்கும் கூரைக்கும் உள்ளே கம்பளி மாதிரி ஒரு சமாசாரத்தை அடைப்பார்கள். இன்சுலேஷன். உள்சூடு வெளியே ஓடாமல் பிடித்து வைக்கிற வேலை அதற்கு. மின்சாரச் சூடு உள்ள வீட்டுக்கு இது அவசியம் என்று மின்சாரக் கம்பெனிகளே சொன்னதுண்டு. போட்டார்கள். அன்றைய யூனிட் விலைக்கு எவ்வளவு கனம் போதுமோ, அவ்வளவு. மற்ற பல வீடுகளில் பேருக்குத்தான் இருந்தது.

ஆக, வீட்டைக் கட்டுகிறவர் ஒருவர். அந்த வீட்டுக்கு ஐம்பது வருடம் பில் கட்டுகிறவர் இன்னொருவர். முன்னவர் மிச்சம் பிடித்த ஒவ்வொரு டாலரும் பின்னவர் தலையில். ஆனால் பின்னவருக்கு அது தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்தது கதவோரத்துப் பித்தளை வில்லை மட்டும்தான்.

*

1973 அக்டோபரில் அரபு நாடுகளுக்கும் இஸ்ரேலுக்கும் யுத்தம். அமெரிக்கா இஸ்ரேல் பக்கம். அரபு நாடுகள், ‘உனக்கு எண்ணெய் கிடையாது போ’ என்று குழாயை மூடின. பீப்பாய் மூன்று டாலர் சுமாருக்கு விற்ற கச்சா எண்ணெய், அடுத்த வருடத் தொடக்கத்தில் கிட்டத்தட்ட பன்னிரண்டு டாலர். நான்கு மடங்கு.

அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையில் நிறைய மின் நிலையங்கள் எண்ணெயில்தான் ஓடின. எரிபொருள் விலை ஏறினால் அதை நேரே வாடிக்கையாளர் பில்லில் ஏற்றிக்கொள்ள ஒரு விதி இருந்தது. ஏற்றினார்கள். அப்படி ஏற்றியும் நியூயார்க் நகருக்கு மின்சாரம் தருகிற கான் எடிசன் கம்பெனியால் சமாளிக்க முடியவில்லை. 1974 ஏப்ரலில் பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் இல்லை என்று கையை விரித்தது. எடிசன் தொடங்கிய அதே கம்பெனியின் வாரிசு. வால் ஸ்ட்ரீட்டே ஆடிப்போனது.

வால் ஸ்ட்ரீட்டாவது ஆடிவிட்டு அடங்கிவிடும். தங்கப் பதக்க வீட்டுக்காரர்கள்? புகைபோக்கியே இல்லாத வீடு. வேறு எரிபொருளுக்கு மாறலாம் என்றால் சுவரை இடிக்கவேண்டும். ஜனவரி மாதத்து பில்லைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குக் குளிரிலும் வியர்த்தது. வீட்டுக் கடனுக்கான மாதத் தவணையோடு போட்டி போடுகிற அளவுக்கு பில்கள் வரத் தொடங்கின.

1977 பிப்ரவரி 2. புது ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர், கோட் போடாமல் ஒரு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு டெலிவிஷனில் வந்து உட்கார்ந்தார். பகலில் வீட்டுச் சூட்டை 65 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும், ராத்திரியில் 55-லும் வையுங்கள் என்றார். நம் கணக்கில் 18 டிகிரி, 13 டிகிரி. ஜனாதிபதியே போர்த்திக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் ஜனங்களுக்கு விஷயத்தின் கனம் உறைத்தது.

1978-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதிகம் எரித்தால் விலை குறைப்பு என்கிற இன்சல் காலத்து முறை நியாயம்தானா என்று ஒவ்வொரு மாநிலமும் பரிசீலிக்கவேண்டும் என்றது. மளிகைக்கடை தர்மத்துக்கு மணி அடித்தாயிற்று. அடுத்த வருடமே ஈரானில் புரட்சி. எண்ணெய் விலை இன்னொரு ஏறு ஏறியது.

இப்போதுதான், இவ்வளவு அடிபட்ட பிறகுதான், வீடு வாங்குகிறவர்கள் அந்தப் பழைய கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள். ‘பில் எவ்வளவு வரும்?’

விற்கிறவர் சொல்வாரா? ‘அது ஒண்ணும் பெரிசா வராதுங்க’ என்பார். உலகம் முழுக்க விற்கிறவர்கள் பேசுகிற பாஷை ஒன்றுதான்.

நியூயார்க் மாநிலம் 1980-ல் இதற்கு ஒரு சட்டம் போட்டது. ‘ட்ரூத் இன் ஹீட்டிங்’ என்று பெயர். சூட்டில் உண்மை. விஷயம் ரொம்ப எளிமை. வீடு வாங்க வருகிறவர் எழுத்து மூலமாகக் கேட்டால், ஒப்பந்தம் போடுவதற்கு முன்னால், கடந்த இரண்டு வருடத்து சூடாக்கும், குளிராக்கும் பில்களை அல்லது அவற்றின் சுருக்கத்தை விற்கிறவர் கொடுத்தாகவேண்டும். வீட்டில் என்ன மாதிரி இன்சுலேஷன், எந்த அளவுக்கு இருக்கிறது என்பதையும் எழுதித் தரவேண்டும். அதற்குக் காசு கேட்கக் கூடாது.

அவ்வளவுதான் சட்டம். புதிதாக எதையும் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. மேஜை டிராயரில் கிடக்கிற காகிதத்தை எடுத்துக் காட்டு என்றது. ஆனால் அந்தக் காகிதம் கை மாறியதும், கட்டியவருக்கும் கட்டுபவருக்கும் நடுவே இருந்த சுவரில் முதல்முறையாக ஒரு ஜன்னல் திறந்தது.

*

சரி, பழைய பில் கிடைத்துவிட்டது. அதே தொகைதான் நமக்கும் வருமா?

இந்தக் கேள்விக்கு நியூஜெர்சியில் ஒரு குடியிருப்பு பதில் வைத்திருந்தது. பெயர் ட்வின் ரிவர்ஸ். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் பக்கம். ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகள். ஒரே கான்ட்ராக்டர், ஒரே வரைபடம், ஒரே சாமான்கள். ராபர்ட் சோகலோ என்கிற பேராசிரியரும் அவரது குழுவும் 1972 முதல் அங்கேயே பழியாய்க் கிடந்து வருடக்கணக்கில் அளந்தார்கள்.

அச்சில் வார்த்த மாதிரி இருக்கிற வீடுகளில் பில்லும் ஒரே மாதிரிதானே வரவேண்டும்? வரவில்லை. ஒரு வீட்டுக்கு ஆனதைப் போல இரண்டு மடங்கு இன்னொரு வீட்டுக்கு ஆனது. 

ஒருவேளை கட்டும்போது ஏதாவது கோளாறோ? அதையும் பார்த்தார்கள். சில வீடுகளில் குடும்பங்கள் காலி செய்துகொண்டு போய், புதுக் குடும்பங்கள் வந்திருந்தன. வேறு சிலவற்றில் பழையவர்களே இருந்தார்கள். பழையவர்கள் இருந்த வீட்டில் அடுத்த குளிர்காலத்திலும் பில் ஏறக்குறைய அதே வரிசையில் இருந்தது. ஆள் மாறிய வீட்டில் வரிசையே குலைந்துபோனது. அதாவது, பில்லில் கணிசமான பங்கு வீட்டுடையது அல்ல, உள்ளே இருக்கிறவர்களுடையது. ஜன்னலைத் திறந்து வைப்பவர், அறைக்கு அறை சூட்டைக் கூட்டிவைப்பவர், ஸ்வெட்டர் போட்டுக்கொள்பவர் எல்லோரும் பில்லில் ஒளிந்திருந்தார்கள்.

அதற்காக வீட்டின் மேல் தப்பே இல்லை என்று அர்த்தமில்லை. அதே குழு, மேற்கூரைக்கு அடியில் ஏறிப் பார்த்தபோது, வீடுகளுக்கு நடுவே இருக்கிற பொதுச்சுவர் ஓரத்து இடைவெளிகள் வழியாகச் சூடான காற்று சத்தமில்லாமல் மேலே ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தது. இன்சுலேஷன் இருந்தும் பிரயோஜனமில்லை. இந்த மாதிரி ஓட்டைகளை அடைத்து, ஜன்னல்களைக் கொஞ்சம் கவனித்து, ஒரு வீட்டில் மட்டும் முழுமூச்சாக வேலை பார்த்தார்கள். சூடாக்கும் செலவு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. 

பில்லில் மூன்றாவது பங்காளி ஒருவர் உண்டு. யூனிட் விலை. வீட்டுக்காரர் கையிலும் இல்லை, கட்டியவர் கையிலும் இல்லை. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஆற்று நீரில் தயாரான மின்சாரம் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. அதை நம்பி மின்சாரச் சூடு வைத்த வீடுகள் அங்கே ஏராளம். அந்தப் பகுதியின் பொதுத்துறை மின் அமைப்பு ஒன்று ஐந்து அணு மின் நிலையங்கள் கட்டப் புறப்பட்டது. ஒன்றுதான் முடிந்தது. 1983-ல், 225 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்குப் பணம் தர முடியவில்லை என்று அறிவித்தது. அணு நிலையச் செலவு ஏற ஏற யூனிட் விலையும் எகிறியது. மலிவு என்று நம்பி வாங்கியவர்கள் முழித்தார்கள். எந்தப் பழைய பில்லிலும் இது எழுதியிருக்காது.

*

பழைய பில் ஆளைப் பொறுத்தது என்றால், ஆளை விட்டுவிட்டு வீட்டை மட்டும் எடை போட முடியாதா? ஃப்ரிட்ஜுக்கு முடிகிறதே! அமெரிக்காவில் 1980 முதலே ஃப்ரிட்ஜின் கதவில் வருடத்துக்கு எவ்வளவு செலவாகும் என்று லேபிள் ஒட்டினார்கள். ஃப்ரிட்ஜைப் போல நூறு மடங்கு விலையுள்ள வீட்டின் கதவில்தான் ஒன்றும் இல்லை.

டென்மார்க் இதைச் செய்தது. 1997 முதல் அங்கே வீட்டை விற்கும்போது எரிசக்தி லேபிள் கட்டாயம். ஐரோப்பிய யூனியன் 2002-ல் எல்லா உறுப்பு நாடுகளுக்கும் அதையே விதித்தது. இங்கிலாந்தில் 2007 ஆகஸ்ட் 1-ம் தேதி, நான்கு படுக்கையறை வீடுகளில் ஆரம்பித்தார்கள். பரிட்சைப் பேப்பருக்கு கிரேடு போடுகிற மாதிரி ஏ முதல் ஜி வரை. பச்சையில் தொடங்கிச் சிவப்பில் முடியும் பட்டைகள். சுவரின் கனம், ஜன்னல், கூரை, பாய்லர் எல்லாவற்றையும் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சராசரிக் குடும்பம் ஒன்று குடியிருந்தால் எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட்டு எழுதித் தருவார்.

அப்பாடா என்று உட்கார்ந்தால், அதிலும் ஒரு ஓட்டை. ஜெர்மனியில் சுமார் 3,400 வீடுகளின் சான்றிதழ்களையும் நிஜச் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2012-ல் வெளியானது. சான்றிதழ் சொன்னதைவிட நிஜச் செலவு சராசரியாக 30 சதவிகிதம் குறைவு! எப்படி? ஓட்டை வீட்டில் இருப்பவர்கள் பில்லுக்குப் பயந்து ஒரே அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு, மற்ற அறைகளில் போர்த்திக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். 

ஆகவே பில் மட்டும் போதாது. கட்டடம் மட்டும் போதாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவேண்டும். பில் குறைவாக இருக்கிறதே என்று வாங்கினால், அது வீட்டின் சாமர்த்தியமா அல்லது முந்தையவர் நடுங்கியதன் மிச்சமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும்.

இதற்கெல்லாம் காசு மதிப்பு உண்டா? உண்டு. டென்னஸி மாநிலத்தின் நாக்ஸ்வில் நகரில் 1978-ல் விற்ற வீடுகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் இருவர் கணக்குப் போட்டார்கள். வருட எரிபொருள் பில்லில் ஒரு டாலர் குறைந்தால், வீட்டின் விலையில் சுமார் இருபது டாலர் கூடியது. பில் தெரிந்துவிட்டால் வாங்குகிறவர் அதற்கு ஒரு விலை வைக்கிறார். அப்படி விலை கிடைக்கும் என்று தெரிந்தால், கட்டுகிறவர் ஓட்டையை அடைக்கிறார். தெரியாத வரைக்கும் பித்தளை வில்லைக்குத்தான் விலை.

*

நம் கதைக்கு வருவோம். நாம் வீட்டைச் சூடாக்கப் போவதில்லை. அந்த வேலையை சூரியன் இலவசமாகவே செய்துவிடுகிறது. அதை வெளியேற்றத்தான் நமக்குச் செலவு.

வீடு வாங்கும்போது நாம் பார்க்காததா? மூலப்பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கம், வாஸ்து, தண்ணீர் உப்பா இனிப்பா என்பது வரை பார்க்கிறோம். கரண்ட் பில்லையும் கேட்டு வாங்குகிறோம். எதற்கு? பாக்கி இருக்கிறதா என்று பார்க்க. பெயர் மாற்ற. அத்தோடு மடித்து வைத்துவிடுகிறோம்.

அந்தக் காகிதத்தை இன்னும் இரண்டு நிமிடம் பார்க்கலாம். ஒன்று போதாது, ஒரு வருடத்து பில்கள் மொத்தமும் வேண்டும். ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைப் பாருங்கள். கட்டண விகிதம் மாறும், மானியம் மாறும். யூனிட் பொய் சொல்லாது. ஏப்ரல், மே மாதத்துக் கணக்கையும் டிசம்பர் கணக்கையும் அடுத்தடுத்து வையுங்கள். நடுவில் இருக்கிற வித்தியாசம், பெரும்பாலும் வெயிலுக்கு அந்த வீடு கட்டுகிற கப்பம். பிறகு மார்கன் ஆபீஸில் எடிசன் கேட்ட மாதிரி கேட்கவேண்டும். எத்தனை பேர் இருந்தீர்கள்? பகலில் வீட்டில் ஆள் உண்டா? ஏ.சி. எத்தனை அறையில்? பாதி வருடம் பூட்டிக் கிடந்த வீட்டின் பில்லைப் பார்த்து மயங்குவதில் அர்த்தமில்லை. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற ஃபிளாட்டும் இரண்டு மாடி தள்ளிக் கீழே இருக்கிற ஃபிளாட்டும் ஒரே விலையாக இருக்கலாம். மே மாதத்தில் ஒரே வீடாக இருக்காது. மேற்குப் பார்த்த படுக்கையறையின் பெரிய கண்ணாடி ஜன்னல் படத்தில் அழகாக இருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு ஒருமுறை போய் அதன் எதிரே நின்று பாருங்கள்.

தண்ணீருக்கும் இதேதான். 2019 ஜூனில் சென்னையின் ஏரிகள் வறண்டபோது, குழாயில் வராததை லாரியில் வாங்கிய அடுக்ககங்கள் எத்தனை! பராமரிப்புச் செலவு என்று மாதாமாதம் சொல்கிற தொகைக்குள் லாரித் தண்ணீர் எவ்வளவு, லிஃப்ட்டுக்கும் மோட்டாருக்கும் எவ்வளவு என்று சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்க்கக் கேட்பதில் தவறில்லை.

நம் ஊரிலும் ஃப்ரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் 2006-ல் நட்சத்திர லேபிள் வந்தது. வீட்டின் சுவரும் ஜன்னலும் எவ்வளவு வெப்பத்தை உள்ளே விடலாம் என்பதற்கு மத்திய அரசு 2018-ல் ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்று பெயர். பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்? வாங்குகிறவர் கேட்காத வரை, கட்டுகிறவருக்கு அது ஞாபகம் வரப்போவதில்லை.

அமெரிக்காவில் அந்தத் தங்கப் பதக்க வில்லைகள் இன்றைக்கும் சில பழைய வீடுகளின் வாசலில் இருக்கின்றன. உள்ளே ஹீட்டர் மாறிவிட்டது, ஜன்னல் மாறிவிட்டது, குடும்பம் பலமுறை மாறிவிட்டது. வில்லையை மட்டும் யாரும் கழற்றவில்லை. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. அதைப் பதித்தவர்கள் யாரும் அந்த வீட்டுக்கு ஒரு மாத பில்கூடக் கட்டியதில்லை.